பாளையத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே

பத்து ஐம்பத்திரண்டுக்கு மேஜைமேல் கிடந்த ஆபீஸ் போன் டிங் என்றது. செங்கோடன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். நாற்பத்திநாலு பதினேழு வண்டி பாளையம் டோல்கேட்டைத் தாண்டிவிட்டது. அவ்வளவுதான் செய்தி. எந்த வண்டி எந்த டோல்கேட்டைத் தாண்டினாலும் இந்தப் போனுக்கு இப்படி ஒன்று வரும், ஒரு நாளைக்கு நாற்பது வரும், யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவரும் பார்த்ததில்லை. இன்றைக்குக் காலை ஏழு மணியிலிருந்து அதைவிட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறார், ஒன்றுக்குப் போகக்கூட எழுந்திருக்கவில்லை. அடுத்த செய்தி ஓமலூர் டோல்கேட்டிலிருந்து வரவேண்டும். லோடு வண்டி எவ்வளவு மெதுவாக வந்தாலும் ஒரு மணி நேரம். பதினொன்று ஐம்பத்திரண்டு. சரி, பன்னிரண்டு என்றே வைத்துக்கொள்வோம். பாளையத்துக்கும் ஓமலூருக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நாமக்கல்லில் எந்த லாரிக்காரனைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். தொப்பூர்க் கணவாய். தர்மபுரிப் பக்கமிருந்து சேலத்துக்கு இறங்குகிற இறக்கம். அதை நோக்கி வந்துகொண்டிருக்கிற நாற்பத்திநாலு பதினேழில் இருபத்தோரு டன் மக்காச்சோளம் இருக்கிறது, ஸ்டியரிங்கில் அர்த்தநாரி இருக்கிறான், அர்த்தநாரிக்குக் கணவாய் இறங்கத் தெரியாது. தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் செங்கோடன்தான். அந்த நோட்டு இதோ கை எட்டும் தூரத்தில், மேஜை டிராயரில், பச்சை அட்டை போட்டுக் கிடக்கிறது. டிரயல் நோட்டு. காளியண்ணன் லாரி ஆபீஸில் புதிதாகச் சேருகிற டிரைவர் யாரானாலும் அதில் அவன் பேருக்கு எதிரே ஐந்து கட்டம். ரிவர்ஸ், ஏற்றம், லோடு, ராத்திரி ஓட்டம், கடைசியில் கணவாய். கணவாய் என்றால் லோடு வண்டியைப் புது டிரைவர் ஓட்ட, செங்கோடன் இடதுபக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தொப்பூரில் இரண்டு தடவை இறக்கிக் காட்டவேண்டும். அந்தக் கட்டத்தில் சரி விழாமல் வடக்கே போகிற வண்டிச் சாவி யார் கைக்கும் போகாது. முதலாளி காளியண்ணன் கறாராக வைத்திருக்கிற சட்டம் இது ஒன்றுதான். செங்கோடன் சரி போட்டார். நீல மையில், அழகாக, வாலை நீட்டி. கீழே கையெழுத்து. பக்கத்தில் அர்த்தநாரியும் கையெழுத்துப் போட்டான், தறிக்காரன் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது.

இப்போது கூப்பிடலாம். டோல்கேட்டிலிருந்து இறக்கம் ஆரம்பிக்க இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. அர்த்தநாரி, வண்டியை ஓரங்கட்டு, நான் சொல்வதைக் கேள் என்று சொன்னால் போதும். ஆனால் வண்டி ஓடும்போது டிரைவரைக் கூப்பிடக்கூடாது என்று இதே மேஜையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் உபதேசம் செய்பவர் யார்? அவர்தான். அதிலும் அர்த்தநாரி மணி அடித்தால் எடுத்துவிடுகிற ஆள். பள்ளிபாளையத்தில் இருபது வருஷம் விசைத்தறி ஓட்டியவன், மேஸ்திரி கூப்பிட்டால் நூல் அறுந்தாலும் ஓடி வந்து பழகியவன். ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டியரிங், முன்னால் கணவாய். கூப்பிட்டதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்? அது நியாயமான யோசனைதான். நியாயமாகத் தோன்றுகிறது என்பதே அவருக்கு உறுத்தியது. ஏனென்றால் உள்ளே, நியாயத்துக்குக் கீழே, வேறொன்று சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டால் என்ன சொல்வது? நான் அவனைக் கணவாய்க்குக் கூட்டிப்போகவில்லை என்பது அவனுக்கே தெரியும். ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, இரண்டு பேரும். சொன்னால் ஏன் கூட்டிப்போகவில்லை என்ற கேள்வி வரும். அந்தக் கேள்வி வந்தால் எட்டு வருஷம் பின்னால் போகவேண்டும். பத்து ஐம்பத்தைந்து. சுவரில் காலண்டர் முருகன் சிரித்தபடி இருந்தார். பத்து ஐம்பத்தேழு. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் இருமினான். அவன் பெயர் சடையப்பன், டிரயலுக்கு வந்தவன், நேற்று வரைக்கும் ஷேர் ஆட்டோ, பெரிய வண்டி லைசென்ஸ் எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது, எட்டே நாளில் கற்றுக்கொடுத்தார்களாம், எட்டு நாளும் காலி வண்டியாம், மைதானமாம். "ஏனுங், டிரயலு எப்பங்க?" என்றான். "இருங்க, கூப்படறேன்" என்றார் செங்கோடன், கொஞ்சம் எரிந்து விழுந்தே சொல்லிவிட்டார், அவன் பாவம் ஜெராக்ஸ் காகிதங்களைச் சுருட்டி மடிமேல் வைத்துக்கொண்டான். அந்த ஆள் இருமியிராவிட்டால் நான் போனை எடுத்திருப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. வெட்கமாக இருந்தது. இருமினவன் மேலா பழி போடுவது? பதினொன்று இரண்டு. பத்து நிமிஷம் முடிந்தது. இனிமேல் கூப்பிட்டால் உண்மையாகவே ஆபத்து. அவர் அதற்காகத்தான் காத்திருந்தாரோ?

ஜன்னலுக்கு வெளியே பட்டறையில் ஐந்து வண்டிகள் நின்றன. மொத்தம் பதினொரு வண்டி, ஐந்துக்கு டிரைவர் இல்லை. ஒன்றின் சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது, இன்னொன்றின் அடியில் வாட்ச்மேன் வீட்டுக் கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது, அதை யாரும் விரட்டவில்லை, வண்டி எப்படியும் கிளம்பப் போவதில்லை. ஊரில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் இதே கதைதான். காளியண்ணன் கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால்கூட பக்கத்து இலைக்காரனிடம் டிரைவர் இருந்தால் சொல்லுங்க என்பார். முன்னெல்லாம் கிளீனராக ஐந்து வருஷம், ஆறு வருஷம் கிடந்து, டிரைவர் தூங்கும்போது காலி வண்டியைத் தொட்டுப் பழகி, அப்புறம்தான் ஸ்டியரிங். இப்போது கிளீனர் என்ற ஜாதியே இல்லை. வண்டிக்கு ஒரே ஆள். அந்த ஒரே ஆளும் நிற்பதில்லை. பதினைந்து நாள் வீட்டுக்குப் போகாமல், வண்டிக்கு அடியில் சமைத்துத் தின்று, கண்ட இடத்தில் படுத்து, வழியில் மறிக்கிறவனுக்கெல்லாம் கைகட்டி நின்று, திரும்பி வந்தால் டிரைவருக்கா பெண் கொடுப்பது என்கிறார்கள். எவன் நிற்பான்? டிரயல் நோட்டில் போன வருஷம் மட்டும் முப்பத்தோரு பேர், இருபத்தாறு பேர்மேல் கோடு அடித்தாகிவிட்டது. ஒருவன் டீக்கடை வைத்தான். ஒருவன் மாமனாரோடு கோழிப்பண்ணைக்குப் போனான். ஒருவன் விஜயவாடாவில் சாவியை வண்டியிலேயே வைத்துவிட்டு ரயில் ஏறிவிட்டான், அங்கிருந்து போன் போட்டு, அண்ணா வண்டி பத்திரமா இருக்குது, ஆளை அனுப்பி எடுத்துக்கங்க என்று மரியாதையாகச் சொன்னான். அதனால் காளியண்ணனுக்கு அவசரம். அண்ணா, சீக்கிரம் கையெழுத்துப் போட்டு விடுங்கண்ணா, வண்டி நிக்குது. அவசரம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் செங்கோடனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி. யாருக்கும் சொல்லமுடியாத நிம்மதி. கணவாய்க்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று. அப்படி அவர் பொய்யாகச் சரி போட்ட பேர் மூன்று. பெரியண்ணன் இருபது நாளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கு ஓடிவிட்டான். நாச்சிமுத்து ஒரே மாதம், சாயங்காலமானா வீட்டுக்குப் போயிரலாமுங்க என்று பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் போய்விட்டான். அவர்கள் விலகிய நாளில் காளியண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். செங்கோடன் வெளியே போய் ஒரு சோடா குடித்தார். பொய்யையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், இனி அது யாரையும் கொல்லாது என்று நினைத்தார். ஆட்கள் நிற்காத தொழிலில் பொய்யும் நிற்காது. அந்தத் தைரியத்தில்தான் மூன்றாவது சரியும் விழுந்தது. ஆனால் அர்த்தநாரி நின்றுவிட்டான். தறி மூடிப்போனவனுக்குத் திரும்பிப்போக இடமில்லை. தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் சமவெளியில் ஓடி ஒன்றரை மாதம் ஆகியும் போகிறேன் என்று சொல்லவில்லை. போன திங்கட்கிழமை காளியண்ணன் சந்தோஷமாகச் சாவியை எடுத்து நீட்டினார். தாவணகெரே, மக்காச்சோளம், நம்ம தீவன மில்லுக்கு. செங்கோடன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்க அப்போதும் நேரம் இருந்தது. வாயில் வெற்றிலை இருந்தது. மென்றுகொண்டே நின்றார்.

மூன்றாவது கியர். அதற்கு மேல் போடாதே. மேலேயே, இறக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே, குறைத்துவிடு. வண்டி கியரில் இருந்தால் இஞ்சினே பிடித்துக்கொள்ளும், பிரேக்கைச் சும்மா சும்மா மிதிக்கவேண்டியதில்லை, மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும், அப்புறம் மிதித்தாலும் ஒன்றுதான் மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான். இவ்வளவுதான் பாடம். நாலு வரி. மனசுக்குள் அவர் இதை இன்று காலையிலிருந்து இருநூறு தடவை சொல்லிவிட்டார், பாளையம் பக்கத்துக் காற்றில் கலந்து அவன் காதில் விழுந்துவிடும் என்பதுபோல. அவன் காதில் ஏற்கெனவே விழுந்திருப்பது வேறு. அதுதான் கொல்லுகிறது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால், டிரயலின் மூன்றாவது நாள், மோகனூர் போகிற வழியில் பாலத்தைத் தாண்டி ஒரு சின்ன இறக்கம், சைக்கிள்காரன்கூட மிதிக்காமல் இறங்குவான், அங்கே வைத்து அவர் சொன்னார். வெயில், நல்ல காற்று, இட்லி தின்ற வயிறு, ஆள் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்கிறான் என்ற குஷி. பெரிய மேதாவி மாதிரிச் சொன்னார். இந்த மாதிரி எறக்கம் வந்தா நியூட்ரல்ல உட்றோணும்டா, வண்டி தானா ஓடும், டீசல் மிச்சம், மைலேஜ் வந்தா மொதலாளி உன்னையத் தலைமேல வெச்சுக்குவாரு. அர்த்தநாரி தலையை ஆட்டினான், கியரை நழுவவிட்டான், வண்டி சத்தமில்லாமல் உருண்டது, அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது, குழந்தைச் சிரிப்பு. இந்த மாதிரி இறக்கம் என்றுதான் சொன்னேன். இந்த மாதிரி. சின்ன இறக்கத்துக்குச் சொன்னது. பெரிய இறக்கத்தில் மறந்தும் செய்துவிடாதே என்பதைக் கணவாயில் வைத்துச் சொல்லலாம் என்று விட்டது. அந்தக் கணவாய் வரவேயில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் அவன். தறியில் என்ன டிசைன் அட்டை மாட்டுகிறோமோ அதுதான் துணியில் விழும் என்று ஒரு நாள் அவனே சொன்னான். நியூட்ரல் என்று நான் மாட்டிவிட்டேன். இருபத்தோரு டன். பதினொன்று இருபது. இந்நேரம் கணவாயில் இருக்கிற கோயிலைத் தாண்டியிருப்பானா? வளைவுக்கு வந்திருப்பானா? அந்த வளைவு.

அந்த வளைவில் எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதம் அவரும் நியூட்ரலில்தான் வந்தார். இருபத்தெட்டு வருஷ அனுபவக்காரர், கணவாயில் எத்தனையோ தடவை இறங்கியவர், கண்ணைக் கட்டிவிட்டாலும் இறங்குவார் என்று பேர் எடுத்தவர். டீசல் மிச்சம். முதல் இரண்டு மிதிக்கு வண்டி கேட்டது. மூன்றாவது மிதிக்குக் காலின் அடியில் ஒன்றுமே இல்லை. ரப்பர் கருகுகிற வாசம் மூக்கில் ஏறியது. கியருக்குத் திரும்பப் பார்த்தார், ஓட்டத்தில் விழவில்லை, கறக் கறக் என்று பல்லைக் கடித்தது. முன்னால், சாலையோரம், ஒரு வெள்ளை வேன் நின்றது. வேனைச் சுற்றி ஆட்கள். எங்கேயோ கோயிலுக்குப் போகிற கூட்டம், மொட்டை அடித்த பிள்ளைகள், தூக்குப்போசியைத் திறந்து புளிச்சோறு எடுத்துக் கொடுத்துக்கொண்டு ஒரு மஞ்சள் புடவை. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையில் சோற்று உருண்டை. ஹாரன் அடித்தாரா, கத்தினாரா, ஞாபகம் இல்லை. இடதுபக்கம் சாலைப் பணிக்காகக் கொட்டியிருந்த மண்மேட்டில் ஏற்றினார். வண்டி மண்ணில் புதைந்து, இழுத்து, குலுக்கி, நின்றது. வேனுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம். அவ்வளவுதான் இடம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு கீறல் இல்லை. அந்தக் கூட்டமே வந்து, சாமி காப்பாத்துச்சுங்க, நல்ல டிரைவருங்க, சாமர்த்தியமா மண்ணுல ஏத்திட்டாருங்க என்று கையைப் பிடித்துக்கொண்டது. மஞ்சள் புடவைக்காரி அவருக்கும் ஒரு உருண்டை சோறு கொடுத்தாள். தின்றார். வாய் நிறையத் தின்றார். நியூட்ரல் என்று யாரிடமும் சொல்லவில்லை. பிரேக்குல ஏர் இறங்கிருச்சு என்றார், காளியண்ணன் நம்பினார். ஏதாவது ஆகியிருந்தால் போலீஸ், கோர்ட், தண்டனை, எல்லாம் நடந்து ஒரு வழியாக முடிந்திருக்கும். ஒன்றும் ஆகவில்லை, அதனால் அது முடியவே இல்லை. அடுத்த வாரம் கணவாய் உச்சியில் வண்டியை நிறுத்தினார். வலது கால் ஆடியது. கையால் அழுத்திப் பிடித்தும் ஆடியது. வேறொரு டிரைவரைக் கெஞ்சி, தலை சுற்றுகிறது என்று சொல்லி, இறக்கிக்கொண்டார். ஊருக்கு வந்து சர்க்கரை என்றார். டாக்டர் வண்டி ஓட்டக்கூடாது என்கிறார் என்றார். பழைய ஆள், நம்பிக்கையான ஆள், அண்ணா நீங்க எங்கியும் போகவேண்டாம், புது ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இங்கியே இருங்க என்றார் காளியண்ணன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது செங்கோடனுக்கு. அன்றைக்கு ஆரம்பித்தது. முதல் சில வருஷம் கணவாய்க் கட்டத்துக்கு மட்டும் வேறு மூத்த டிரைவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சமாளித்தார். அவர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

பதினொன்று முப்பத்தைந்துக்குக் காளியண்ணன் வந்தார், கூடவே டீக்கடைப் பையன் கொண்டுவந்து வைத்த இரண்டு கிளாஸ். "அண்ணனுது சக்கரை இல்லாம" என்று காளியண்ணனே எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். எட்டு வருஷமாக இந்த டீ. கஷாயம் மாதிரி, நாக்கில் ஒட்டாமல், ஒரு நாளைக்கு நாலு. பொய் சொன்னதற்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை இவ்வளவுதானா, இதோடு விட்டுவிடுவானா என்று சில நாள் நினைத்துக்கொள்வார். வீட்டுக்குப் போனதும் யாருக்கும் தெரியாமல் ஒரு வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொள்வார், அதுவும் திருட்டு. காளியண்ணன் இன்றைக்கு உற்சாகமாக இருந்தார். "நம்ம தறிக்காரன் பரவால்லீங்கண்ணா, நேரத்துக்கு லோடு ஏத்திட்டான். ரெண்டு மணிக்கு மில்லுல எறக்கிட்டான்னா நாளைக்கே மறுபடி அனுப்பிரலாம்." பெஞ்சைப் பார்த்து, "இவரு யாருங்க? டிரயலா? நல்லாப் போச்சு. பொழுதோட நோட்டுல போட்டு உட்ருங்கண்ணா, தாவணகெரேக்கு இன்னொரு வண்டி சொல்லியிருக்கறாங்க." சடையப்பன் எழுந்து கும்பிட்டான். செங்கோடன் டீயைக் குடித்தார். சூடு தொண்டையில் இறங்கியது தெரிந்தது, ருசி தெரியவில்லை. இப்போது சொல்லலாம். மொதலாளி, ஒரு விஷயம். இரண்டே வார்த்தையில் ஆரம்பித்துவிடலாம். ஆனால் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவன் கணவாயில் இருக்கிறான், சொன்னால் வண்டி நின்றுவிடுமா? ஓமலூர் வந்துவிடட்டும். வந்துவிட்டால் இனிமேல் சத்தியமாக ஒருவனையும் விடமாட்டேன், அர்த்தநாரீஸ்வரா, மலைப்படி ஏறி வந்து முடி கொடுக்கிறேன், ஓமலூர் என்று ஒரு தடவை டிங் என்று சொல்லவைத்துவிடு. வேண்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இன்னொரு குரல் கேட்டது. வந்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லையே. தப்பித்துவிட்டால் அவன் கற்றுக்கொண்டதாகத்தானே அர்த்தம், கட்டத்தில் இருக்கிற சரி உண்மையாகிவிடும் அல்லவா. அவன் உயிருக்காக வேண்டுகிறேனா, சரி உண்மையாவதற்காக வேண்டுகிறேனா? கிளாஸை வைக்கும்போது கை தவறி மேஜையில் கொஞ்சம் சிந்தியது. காளியண்ணன் பழைய பேப்பரை எடுத்து அவரே துடைத்தார்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. செய்தி இல்லை. மதுரையில் ஒரு வண்டி டோல்கேட் தாண்டியது, டிங் என்ற சத்தத்துக்கு அவர் உடம்பே தூக்கிப்போட்டது. பன்னிரண்டு. அர்த்தநாரிக்கு இரண்டு பெண்பிள்ளைகள். பெரியவள் பத்தாவது. சேர்ந்த அன்றைக்கு அவளைத்தான் கூட்டிக்கொண்டு வந்தான், படிவத்தை அவள் படித்துச் சொல்லச் சொல்ல இவன் நிரப்பினான். அந்தப் பெண் டிரயல் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கணவாய்னா என்னங்க மாமா என்று செங்கோடனைக் கேட்டாள். மலைக்கு நடுவுல போற ரோடும்மா என்றார். பன்னிரண்டு ஐந்து. ஆம்புலன்ஸ் முதலில் சேலத்துக்குத்தான் போகும். கிளீனர்கூட இல்லாத வண்டி, யார் கூப்பிடுவார்கள், அவன் போனை எடுத்து யாராவது கடைசியாகப் பேசின நம்பரை அழுத்துவார்கள், அது இந்தப் போனாக இருக்கும். காளியண்ணன் எழுந்து நோட்டை எடுத்துப் பார்ப்பார். எல்லாச் சரியும் போட்டிருக்குதே, கணவாயும் போட்டிருக்குதே, பாவம் அவன் விதி என்பார். என்பார், அதுதான். ஒருவரும் செங்கோடனைக் கேட்கமாட்டார்கள். மறுபடியும் யாராவது சோறு கொடுப்பார்கள், தின்னவேண்டியிருக்கும். திடீரென்று நாச்சிமுத்து ஞாபகம் வந்தான். பள்ளிக்கூட பஸ். அந்தப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? கொல்லிமலை அடிவாரத்தில் என்றல்லவா சொன்னான். மேலே இருக்கிற ஊர்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற பஸ்ஸாக இருந்தால்? பொய்யைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்று சோடா குடித்தோமே. கூட்டிக்கொண்டுதான் போயிருக்கிறான், நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் உட்காரவைத்து.

பன்னிரண்டு பத்துக்குப் போன் அடித்தது. செய்தி இல்லை, மணி. அர்த்தநாரி என்று பெயர் வந்தது. செங்கோடனுக்குக் கை எழவில்லை. அவன் பேர் வருகிறது, ஆனால் பேசப்போவது யார்? காளியண்ணன் எட்டி ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, "எங்கப்பா இருக்கற?" என்றார்.

"ஏனுங், நான் அர்த்தநாரிங். செங்கோடண்ணன் இருக்கறாருங்ளா?"

குரல் அவனுடையதுதான். செங்கோடன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இருக்கறேன், சொல்லு. ஓமலூர் தாண்டிட்டியா?"

"இல்லீங்ணா. இங்க கணவாய் எறங்கறதுக்கு மின்ன ஒரு கொய்யாப்பழக் கடை இருக்குதுங்ல்ல, அதுகிட்ட ஓரங்கட்டிட்டனுங். பதினோரு மணியிலருந்து நிக்கறனுங். ஒவ்வொரு வண்டியா எப்படி எறங்குதுன்னு பாத்தாப் புடிபட்ரும்னு நெனச்சனுங். புடிபட மாட்டேங்குது. ஒருத்தன் மெதுவாப் போறான், ஒருத்தன் உட்டடிக்கறான். எந்த கியர்ல போறான்னு வெளிய நின்னு பாத்தாத் தெரியறதில்லீங்."

"ஏண்டா அப்பவே கூப்புடல?"

"நீங்க கூப்புடுவீங்கன்னு இருந்தனுங்."

செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டார். பத்து ஐம்பத்தைந்து, பத்து ஐம்பத்தேழு, பதினொன்று இரண்டு. ஒவ்வொரு நிமிஷமும் அவன் அங்கே கொய்யாப்பழக் கடையோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். காளியண்ணனுக்கு விஷயம் புரிய ஆரம்பித்து, முகம் மாறியது. "என்னப்பா பேசற? நோட்டுல கணவாய் போட்டிருக்குது, அண்ணன் கூட்டிட்டுப் போயி எறக்குனாருல்ல?" மறுமுனையிலிருந்து லாரிகள் போகிற இரைச்சல் மட்டும் கேட்டது. அவன் காட்டிக்கொடுக்கமாட்டான். மறந்துட்டனுங் மொதலாளி என்று தன்மேல் போட்டுக்கொள்வான், இன்னும் ஒரு நொடியில் சொல்லிவிடுவான், செங்கோடன் சும்மா இருந்தால் போதும். எட்டு வருஷமாகச் சும்மா இருந்து பழகிய வாய்.

"நான் கூட்டிட்டுப் போகலீங்" என்றார் செங்கோடன். "பொய்யா எழுதிக் கையெழுத்துப் போட்டனுங். இவனுக்கு மட்டுமில்லீங், மூணு பேருக்கு."

"அண்ணா, நானுந்தானுங்ளே பக்கத்துல கையெழுத்துப் போட்டேன்" என்றது போன். "வேலை வேணுமுங்ல்ல."

"நீ ஏண்டா கேக்கல? கணவாய்க்கு எப்பக் கூட்டிட்டுப் போவீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"அன்னைக்கு மோகனூர்ப் பாலத்து எறக்கத்துல நியூட்ரல்ல உடச் சொன்னீங்ல்ல. உட்டப்ப உங்க காலு நடுங்குச்சுங்ணா. தொடைமேல கைய வெச்சு அமுத்திப் புடிச்சிருந்தீங்க. அத்தனூண்டு எறக்கத்துக்கே இப்படீன்னா கணவாய்க்குக் கேட்டா உங்களுக்குச் சங்கடம்னு உட்டுட்டனுங். இப்பச் சொல்லுங்ணா, இங்கயும் நியூட்ரல்தானுங்ளா?"

"தொடாத!" செங்கோடன் கத்தின கத்தலில் சடையப்பன் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டான். "அதையத் தொடவே தொடாத. நான் சொன்னது தப்பு."

காளியண்ணன் கோபத்தில் இரண்டு தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கெட்ட வார்த்தை ஒன்று வாய் வரைக்கும் வந்து, பழைய ஆளாயிற்றே என்று திரும்பிப் போனது தெரிந்தது. "பேசறதையெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். ரெண்டு மணிக்கு மில்லுல லோடு எறங்கோணும். போன்லயே கியர் சொல்லி எறக்குங்கண்ணா, ஆளு எங்க இருக்குது அனுப்பறதுக்கு?" செங்கோடனுக்கும் ஒரு கணம் அது போதும்போலத்தான் இருந்தது. நாலு வரிப் பாடம். இருநூறு தடவை சொல்லிப் பார்த்ததுதானே, இருநூற்றியோராவது தடவை சத்தமாகச் சொன்னால் முடிந்தது, இந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே வேண்டாம். எழுந்தார். கால் மரத்துப்போயிருந்தது.

"நான் போறனுங்" என்றார்.

"நீங்களா? சுகர வெச்சுட்டு எப்படிண்ணா..."

"சுகர் இல்லீங் மொதலாளி. எந்தக் காலத்துலயும் இருந்ததில்லீங். அது பயமுங்."

காளியண்ணன் அவரைப் பார்த்தார். அப்புறம் மேஜைமேல் பாதி குடித்து வைத்திருந்த டீக்கிளாஸைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். "எட்டு வருஷமாவா?" என்று மட்டும் கேட்டார். செங்கோடன் குனிந்து போனுக்குக் கிட்டே போய்ப் பேசினார்.

"அர்த்தநாரி, சக்கரத்துக்கு முன்னால பெரிய கல்லாப் பாத்து வெய்யி. வண்டியவுட்டு எங்கயும் போகாத. பஸ் புடிச்சு வர எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகும். எறக்கறது நீதான், நான் பக்கத்துல உக்காந்து சொல்றேன்." போனை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். "காலு நடுங்கும். நீ அதையப் பாக்காத."

"பாக்கமாட்டனுங்ணா" என்றான் அர்த்தநாரி. "ரோட்டத்தான் பாப்பேன்."

சடையப்பன் வழியைவிட்டு ஒதுங்கி நின்று, அப்ப என்னோட டிரயலுங்க என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். செங்கோடன் டிராயரைத் திறந்து பச்சை நோட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். வெயிலில் கண் கூசியது. அடைக்கோழி உட்கார்ந்திருந்த வண்டியின் நிழலில் நின்று, கோடு அடித்த பெயர்களுக்குள் நாச்சிமுத்துவின் நம்பரை விரலால் தேடினார். தன் போனை எடுத்து ஒவ்வொரு எண்ணாக அழுத்திவிட்டுக் காதில் வைத்தார். மணி பன்னிரண்டு இருபது, பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது.